சுவரோடு கரைந்த தாத்தா: படத்தில் ஆளைப் பின்னணியிலிருந்து பிரித்துக் காட்டுவது எப்படி?

எங்கள் வீட்டில் தாத்தாவின் படம் ஒன்று இருக்கிறது. நான் முதன்முதலில் கேமரா வாங்கிய வாரத்தில் எடுத்தது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நரைத்த தலை, பின்னால் பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்த சுவர். உச்சி வெயில் வேறு. படத்தில் முகமும் இரண்டு கைகளும்தான் இருக்கின்றன. தோள் எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. தாத்தா இப்போது இல்லை; அந்தப் படத்தைத் திரும்ப எடுக்க வழியும் இல்லை. அன்று நான் இரண்டடி தள்ளி, பின்னால் வேப்பமர நிழல் வரும்படி நின்றிருந்தால், அந்த வெள்ளைச் சட்டையே அவரை எடுப்பாகக் காட்டியிருக்கும்.

ஆளையோ பொருளையோ பின்னணியிலிருந்து இப்படித் தனித்துத் தெரியவைப்பதைத்தான் புகைப்படக்காரர்கள் ‘செப்பரேஷன்’ என்கிறார்கள். புதிதாகக் கேமரா பிடிக்கும் பலர், பின்னணியை மங்கலாக்குவதுதான் செப்பரேஷன் என்று நினைத்துக்கொண்டு விலை கூடிய லென்ஸைத் தேடுகிறார்கள். நான் சொல்லப்போகும் வரிசையில் மங்கல் நான்காவதாகத்தான் வரும். அதற்கு முன்னால் உள்ள மூன்றுக்கும் காசு வேண்டாம். கையில் இருக்கும் போனே போதும்.

பயிற்சிக்கு உங்கள் தெருமுனை டீக்கடையை எடுத்துக்கொள்ளுங்கள். பாய்லர், பிஸ்கட் ஜாடிகள், வாழைத்தார், சரம்சரமாகத் தொங்கும் ஷாம்பு பாக்கெட், சாமி காலண்டர் என்று ஒன்றன்மேல் ஒன்று அடைந்திருக்கும் இடம் அது. நடுவில் டீ மாஸ்டர். இங்கே அவரைத் தனியாகக் காட்டக் கை பழகிவிட்டால் கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் சிரமமே இருக்காது. ஒரு டீ சொல்லுங்கள். “அண்ணே, உங்களை ஒரு படம் எடுத்துக்கட்டுமா?” என்று கேளுங்கள். சரி என்றால் ஆரம்பிக்கலாம்.

முதல் படி: ஒரு கண்ணை மூடுங்கள்

நமக்கு இரண்டு கண்கள். இரண்டுக்கும் நடுவே ஆறு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக இடைவெளி. அதனால் ஒவ்வொரு கண்ணுக்கும் காட்சி சற்றே வேறு கோணத்தில் விழுகிறது. அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் எது முன்னால், எது பின்னால் என்று மூளை சட்டென்று கணக்குப் போடுகிறது. கேமராவுக்கு ஒரே கண். மாஸ்டரும் அவருக்குப் பின்னால் உள்ள காலண்டரும் அதற்கு ஒரே தாளில் ஒட்டிய இரண்டு துண்டுகள்.

அதனால் படம் எடுப்பதற்கு முன் ஒரு கண்ணை மூடி, தலையை அசைக்காமல் பாருங்கள். மாஸ்டரின் தலையும் பாய்லரும் ஒட்டிக்கொள்வது அப்போது தெரியும். கேமரா பார்க்கப்போவது அதைத்தான்.

இரண்டாம் படி: முகத்தை விட்டு ஓரங்களைப் பாருங்கள்

ஆள் நன்றாகச் சிரிக்கிறாரா என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது எல்லோருக்கும் உள்ள பழக்கம். ஒரு நொடி முகத்தை விட்டுவிட்டு, ஆளைச் சுற்றிப் பென்சிலால் கோடு இழுப்பதுபோலக் கண்ணை ஓட்டுங்கள். தலை, காது, தோள், முழங்கை. அந்தக் கோடு எங்கெல்லாம் வேறொன்றின்மேல் மோதுகிறது? தலைக்கு மேல் கம்பம் முளைத்திருக்கிறதா? அலமாரித் தட்டின் விளிம்பு கழுத்தை அறுத்துக்கொண்டு போகிறதா?

மோதினால் பாதி அடி இடப்பக்கமோ வலப்பக்கமோ நகருங்கள். பெரும்பாலும் அதுவே போதும். போதவில்லை என்றால் உயரத்தை மாற்றுங்கள். குத்துக்கால் போட்டு உட்கார்ந்தால் ஜாடிகள் கீழே இறங்கி, தலைக்குப் பின்னால் கூரையோ வானமோ வரும். பெஞ்சின்மேல் ஏறி நின்றால் தரை பின்னணியாகிவிடும். ஈரத்தரையைப்போல எளிமையான பின்னணி டீக்கடையில் வேறு கிடையாது.

ஆளுக்குள்ளேயும் பிரிவு வேண்டும். மாஸ்டர் டீ ஆற்றும்போது ஒரு கை மேலே போகிறது, மறு கை கீழே. மேலே போகும் கை முகத்தை மறைத்தால் படம் போச்சு. கைக்கும் உடம்புக்கும் நடுவே கொஞ்சம் வெளி தெரிய வேண்டும். டீ விழும் அந்த நீண்ட கோடு, அவர் சட்டையின்மேல் விழாமல் பக்கத்தில் உள்ள இருட்டில் விழும்படி நில்லுங்கள். நேர் எதிரே நிற்பதைவிட நாற்பத்தைந்து பாகை பக்கவாட்டில் நின்றால் இது எளிதாக அமையும். அவர் கைக்கு ஒரு தாளம் உண்டு. இரண்டு மூன்று டீ ஆற்றுவதைச் சும்மா பார்த்துவிட்டு அப்புறம் எடுங்கள்.

மூன்றாம் படி: சுவரிலிருந்து தள்ளி நிறுத்துங்கள்

சுவரில் சாய்ந்திருக்கும் ஆளையும் சுவரையும் எந்த லென்ஸாலும் மங்கல் காட்டிப் பிரிக்க முடியாது. இரண்டும் ஒரே தூரத்தில் அல்லவா இருக்கின்றன? நீங்கள் ஆளுக்கு அருகில், பின்னணி ஆளுக்குத் தொலைவில்: இதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். வீட்டில் எடுக்கும்போது நாற்காலியைச் சுவரிலிருந்து ஆறேழு அடி முன்னால் இழுத்துப் போடுங்கள். சுவரில் விழும் ஆளின் நிழலும் படத்தைவிட்டு வெளியே போய்விடும். மாஸ்டரை நகர்த்த முடியாது. அங்கே நீங்கள்தான் நெருங்க வேண்டும்.

நான்காம் படி: மங்கல்

லென்ஸில் ஒளி நுழையும் துளையை அபெர்ச்சர் என்கிறோம். துளை பெரிதானால் கூர்மையாகத் தெரியும் ஆழம் குறையும். எஃப் எண் என்பது லென்ஸின் குவியத் தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவது; அது சிறிதாக இருந்தால் துளை பெரிது என்று பொருள். குவியத் தூரம் 50 மி.மீ. உள்ள லென்ஸில் எஃப் 1.8 என்றால் துளையின் விட்டம் ஏறக்குறைய 28 மி.மீ. கேமராவோடு சேர்ந்து வரும் 18-55 கிட் லென்ஸில், 55 மி.மீ.-யில் எஃப் 5.6 வைத்தால் சுமார் 10 மி.மீ. போனின் முக்கியக் கேமராவிலோ மூன்று நான்கு மி.மீ.தான். போன் தானாகப் பின்னணியை அதிகம் மங்கலாக்காததற்குக் காரணம் இதுதான்.

கிட் லென்ஸ் வைத்திருப்பவர்கள் ஜூமை 55-க்குத் திருப்பி, ஆளுக்கு நெருங்கி, எஃப் எண்ணை முடிந்த அளவு குறையுங்கள். 18-இல் நின்றுகொண்டு மங்கலை எதிர்பார்க்க வேண்டாம். 50 மி.மீ. எஃப் 1.8 வாங்கியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ஏபிஎஸ்-சி என்ற நடுத்தர அளவுச் சென்சார் (படத்தைப் பதியும் சில்லு) உள்ள கேமராவில், 2 மீட்டர் தூரத்தில், கூர்மையாகத் தெரிவது சுமார் 11 சென்டிமீட்டர் ஆழம்தான். 1 மீட்டருக்கு நெருங்கினால் 3 சென்டிமீட்டர்கூடக் கிடைக்காது. கண் தெளிவாகவும் காது கலங்கியும் வரும். ஃபோகஸ் புள்ளியை உங்களுக்கு அருகில் உள்ள கண்ணில் வையுங்கள்.

போனில், பின்னணியை மென்பொருளால் மங்கலாக்கும் போர்ட்ரெயிட் மோட் இருக்கிறது. 2016-இல் ஐபோன் 7 பிளஸ் இரண்டு கேமராக்களை வைத்து இதைச் செய்தது. அடுத்த ஆண்டு கூகுளின் பிக்சல் 2 ஒரே கேமராவில் செய்துகாட்டியது. எது தூரம், எது பக்கம் என்று மென்பொருள் கணித்து மங்கலைப் பூசுகிறது. காற்றில் பறக்கும் முடி, மல்லிகைச் சரம், ஜிமிக்கி, மூக்குக்கண்ணாடியின் ஓரம் ஆகிய இடங்களில் அது அடிக்கடி தப்பு செய்யும். எடுத்தவுடன் பெரிதாக்கி அந்த இடங்களைப் பார்த்துவிடுங்கள்.

என் கருத்து ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். டீக்கடையில் பின்னணியை முழுதாகக் கரைத்துவிட்டால் அது டீக்கடையே இல்லை. ஜாடி ஜாடியாகவும் காலண்டர் காலண்டராகவும் அடையாளம் தெரிகிற அளவு மங்கலே போதும். அவருடைய இடத்தோடு சேர்ந்துதான் அவர்.

ஐந்தாம் படி: வெளிச்சத்தால் பிரியுங்கள்

இதில்தான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். வெளிச்சமான ஆளுக்கு இருண்ட பின்னணி. இருண்ட ஆளுக்கு வெளிச்சமான பின்னணி. என் தாத்தாவின் படத்தில் இல்லாமல் போனது இது ஒன்றுதான்.

புகைப்படக்காரர் ஜூலியா மார்கரெட் கேமரன் 1815-இல் கல்கத்தாவில் பிறந்து 1879-இல் இலங்கையில் காலமானவர். மகளும் மருமகனும் கேமரா ஒன்றைப் பரிசாகக் கொடுத்தபோது அவருக்கு வயது 48. நான்கே ஆண்டில், 1867-இல், வானியலாளர் ஜான் ஹெர்ஷலைப் படம் எடுத்தார். இணையத்தில் தேடிப் பாருங்கள். பின்னணி முழுக்க இருட்டு. முகத்திலும் கலைந்த நரைமுடியிலும் மட்டும் வெளிச்சம். ஒவ்வொரு முடியும் தனியாகத் தெரியும். நரைத்த தலைக்கு இருட்டு எவ்வளவு உதவுகிறது என்று எனக்குக் காட்டிய படம் அதுதான்.

அந்த இருட்டு நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. போன மாதம் பாட்டியை நிலைப்படியில் உட்காரவைத்தேன். வெயில் நேரடியாக மேலே படவில்லை. வாசலின் வெளிச்சம் மட்டும் முகத்தில் விழுந்தது. பின்னால் விளக்குப் போடாத கூடம். கண்ணுக்குக் கூடம் அவ்வளவு இருட்டாகத் தெரியவில்லை, ஆனால் படத்தில் கறுப்புத் துணி கட்டியதுபோல வந்தது. பாட்டியின் வெள்ளைப் புடவை மடிப்பு மடிப்பாகத் தெரிந்தது. டீக்கடையிலும் இதே கதைதான். கூரைத் தகரம் முடியும் ஓரத்தில் மாஸ்டர் நிற்கிறார்; வெளிச்சம் தெருவிலிருந்து வருகிறது; கடையின் உள்ளே இருட்டு. போன் அந்த இருட்டைப் பார்த்துவிட்டுப் படம் முழுவதையும் வெளுக்கப் பார்க்கும். விடாதீர்கள். முகத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள். முகம் சரியாக வரும், உள்ளே உள்ள சாமான்கள் அடங்கிவிடும்.

இரவில் குண்டு பல்புக்கு அருகில் ஆளை நிறுத்தினாலும் இதேதான் நடக்கும். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகும், மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்று. பல்பிலிருந்து 1 மீட்டரில் ஆள், 3 மீட்டரில் சுவர் என்றால் சுவர் தானாகவே அடங்கிப்போகும்.

ஆனால் நம்மில் பெரும்பாலோருக்குக் கறுத்த முடி. இருண்ட பின்னணியில் முகம் பிரியும், முடி கரைந்துபோகும். கறுத்த நிறம் உள்ளவர்களுக்குக் கன்னத்தின் நிழல் பக்கமும் சேர்ந்து கரையும். இதற்காகத் தோலை வெளுப்பாக்கும் ஃபில்டரைப் போடாதீர்கள். அந்த நிறம் அவருடையது. ஆளுக்குப் பின்னால், கொஞ்சம் பக்கவாட்டில் ஒரு வெளிச்சம் இருந்தால் போதும். காலை ஏழு மணி வெயிலோ கடைக்குள் தொங்கும் டியூப்லைட்டோ முடியின் ஓரத்திலும் தோளிலும் மெல்லிய ஒளிக்கோடு போட்டுவிடும். டீயின் ஆவிக்கும் இதே வழிதான்: பின்னாலிருந்து வெளிச்சம், அதற்கு அப்பால் இருட்டு. முன்னாலிருந்து ஃப்ளாஷ் அடித்தால் ஆவி காணாமல் போகும்.

வெளிச்சம் ஒரு பக்கமிருந்து வந்தால் முகத்தில் பாதி வெளிச்சம், பாதி நிழல். வெளிச்சக் கன்னத்துக்குப் பின்னால் இருட்டும், நிழல் கன்னத்துக்குப் பின்னால் சற்று வெளிச்சமும் வரும்படி நகர்ந்து பாருங்கள். முகத்தின் இரண்டு ஓரங்களும் தெளிவாக எழுந்து நிற்கும்.

பின்னணியை மங்கலாக்காமலே இதெல்லாம் நடக்கும் என்பதற்கு அமெரிக்கப் புகைப்படக்காரர் எட்வர்ட் வெஸ்டன் 1930-இல் எடுத்த குடைமிளகாய் படம் சாட்சி. மிளகாயை ஒரு தகரப் புனலுக்குள் வைத்து எடுத்தார். கறுப்பு வெள்ளைதான், ஆனால் மிளகாயின் ஒவ்வொரு வளைவும் பின்னணியிலிருந்து விலகி நிற்கும்.

ஆறாம் படி: நிறம்

எளிதானது, அதனாலேயே கடைசியில் வைத்தேன். பச்சை வயலில் சிவப்புப் புடவை, நீலச் சுவருக்கு முன் மஞ்சள் சட்டை. ஆளைவிடப் பளிச்சென்ற நிறம் பின்னால் இருந்தால் கண் அங்கே ஓடிவிடும். ஷாம்பு பாக்கெட் சரம் அப்படித்தான் இழுக்கும். அதை மாஸ்டரின் உடம்பால் மறைத்துவிடுங்கள்.

ஏழாம் படி: சரிபாருங்கள்

எடுத்த படத்தைப் போனிலேயே கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நிறம் போனதும் ஆள் கரைந்தால், வெளிச்சத்தால் பிரிக்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். அப்புறம் கேலரியில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சிறிதாக்கிப் பாருங்கள். அந்த அளவிலும் ‘ஒருவர் டீ ஆற்றுகிறார்’ என்று புரிய வேண்டும். கொஞ்சம்தான் குறை என்றால் ஸ்னாப்சீட் போன்ற செயலியில் பின்னணியின் வெளிச்சத்தை மட்டும் ஒரு படி இறக்கலாம். அதற்குமேல் இறக்கினால் ஆளைக் கத்தரித்து ஒட்டியதுபோல ஆகிவிடும்.

அதே கடைக்குக் காலையில் ஒருமுறை, நடுப்பகலில் ஒருமுறை, விளக்கு வைத்த பிறகு ஒருமுறை போங்கள். மூன்றில் நல்லதை அச்சுப்போட்டு மாஸ்டரிடம் கொடுங்கள். அச்சில் படம் போன் திரையைவிட இருண்டுதான் வரும். அச்சுப்போடும் கடையில் கொடுப்பதற்கு முன் முடியும் தோளும் உள்ள பகுதியை மட்டும் சற்று வெளிச்சமாக்கிக்கொள்ளுங்கள்.