சிவப்புக் கூன்வண்டு: மரத்தில் கண்டுபிடிப்பது, பொறியில் பிடிப்பது

தென்னையின் நடுக்குருத்து சாய்ந்த பிறகு, தண்டைக் குடைந்தது கூன்வண்டு என்று கண்டுபிடித்துப் பயனில்லை. முட்டை, புழு, கூட்டுப்புழு மூன்று பருவமும் தண்டுக்குள்ளேயே கழிகின்றன; மொத்தம் மூன்று, நான்கு மாதம். வெளியே பறந்து திரிவது முதிர்ந்த வண்டு மட்டும்தான், மணம் காட்டி இழுக்கும் பக்கெட் பொறியில் விழுவதும் அதுதான். உள்ளே குடையும் புழுவை எந்தப் பொறியும் இழுக்காது. அதனால் பக்கெட்டைத் தொங்கவிட்டதும் வேலை முடிந்தது என்று நினைக்காமல், மரம் மரமாகப் பார்க்கவும் வேண்டும்.

5 முதல் 20 வயது வரையுள்ள மரங்களில்தான் தாக்குதல் அதிகம். குட்டை ரகங்களைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள். தண்டிலோ மட்டை அடியிலோ சிறு துளையும், அதிலிருந்து வடியும் பழுப்புநிறப் பிசுபிசுப்பான சாறும், மென்று தள்ளிய ஈர நாரும் சேர்ந்து இருந்தால் சந்தேகமே வேண்டாம். அந்த நாரைக் கிள்ளி முகர்ந்தால் புளித்த கள் வாடை அடிக்கும். காற்றில்லாத நேரத்தில் தண்டில் காதை ஒட்டி வைத்தால், புழு கடிக்கும் நறநற சத்தம் கேட்கும். உள்வட்ட மட்டைகள் மஞ்சளாவது அதற்கு அடுத்த கட்டம்.

சாறு வடிந்தாலே கூன்வண்டு என்று முடிவுகட்டிவிடக் கூடாது. சாறு வடிதல் நோயிலும் தஞ்சாவூர் வாடல் நோயிலும் பட்டை வெடிப்பில் செம்பழுப்புச் சாறு கசியும். ஆனால் துளையும் மென்ற நாரும் இருக்காது. மட்டை விரியும்போது ‘வி’ வடிவத்தில் கத்தரித்தாற்போல் இருந்தால் அது காண்டாமிருக வண்டின் வேலை. புழுவைப் பார்த்தால் இன்னும் எளிது. காண்டாமிருக வண்டின் புழு எருக்குழியில் கிடக்கும், அரைவட்டமாகச் சுருண்டிருக்கும், கால் உண்டு. கூன்வண்டின் புழுவுக்குக் கால் கிடையாது; நடுப்பகுதி பருத்து, வெளிர்மஞ்சளாய், பழுப்புத் தலையோடு தண்டுக்குள் இருக்கும். இரண்டுக்கும் உறவு இருக்கிறது: காண்டாமிருக வண்டு போட்ட காயத்திலும் கூன்வண்டு வந்து முட்டையிடும். முன்னதை விட்டுவைத்துப் பின்னதை ஒழிக்க முடியாது.

வண்டு ஏறக்குறைய மூன்றரை சென்டிமீட்டர் நீளம், செம்பழுப்பு நிறம், முதுகில் கரும்புள்ளிகள். நீண்டு வளைந்த மூக்கை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்: மேற்புறம் தூரிகை போலப் பழுப்பு மயிர் இருந்தால் ஆண், வழவழவென்று மெலிந்து வளைந்திருந்தால் பெண். ஒரு பெண் 200, 300 முட்டை வரை இடும். பொறியில் விழுபவற்றில் பெண்ணே அதிகம் என்பதுதான் இந்த முறையின் பலம்.

பொறிக்கு மூடியுள்ள 5 லிட்டர் பிளாஸ்டிக் பக்கெட் போதும், கறுப்பாக இருந்தால் நல்லது. விளிம்புக்குக் கீழே நான்கு விரல் தள்ளி, சுற்றிலும் நான்கு துளைகள், ஒவ்வொன்றும் ஒன்றரை அங்குலம். வண்டு நேராகத் துளைக்குள் பறந்து போகாது. பக்கெட்டின் மேல் உட்கார்ந்து ஊர்ந்துதான் உள்ளே போகும். வழவழப்பான பிளாஸ்டிக்கில் கால் பிடிக்காமல் விழுந்துவிடும். ஆகவே வெளிப்புறம் முழுக்கச் சணல் சாக்கு அல்லது தென்னம் பன்னாடையைச் சுற்றிக் கம்பியால் கட்டுங்கள். உட்புறம் வழவழப்பாகவே இருக்கட்டும்.

மூடியின் உட்பக்கம் கம்பியில் லூரை, அதாவது வண்டைக் கவரும் மணப் பையை, தொங்கவிடுங்கள். அதிலிருப்பது ஆண் வண்டு விடும் கூட்ட அழைப்பு மணம். பெர்ருஜினியால் என்று பெயர். காண்டாமிருக வண்டுக்கான லூர் வேறு, கடையில் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள், உறையைப் படித்து வாங்குங்கள். பையைக் கத்தரியால் வெட்டித் திறக்காதீர்கள்; மூன்று மாதம் மெதுவாகக் கசிய வேண்டியது சில நாளில் தீர்ந்துபோகும். உறையில் சொன்னபடி மட்டும் செய்யுங்கள்.

லூர் மட்டும் போதாது, தீனி மணமும் சேர வேண்டும். நசுக்கிய கரும்புத் துண்டு அல்லது கனிந்த வாழைப்பழம் கால் கிலோ, வெல்லம் 100 கிராம், ஈஸ்ட் 5 கிராம், தண்ணீர் ஒன்றரை லிட்டர். வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையில் கள்ளும் உண்டு. தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை இருக்கும்போது அதை எங்கே போய் வாங்குவது? ஈஸ்ட் போட்ட வெல்லத் தண்ணீரே போதும். தண்ணீர் வற்றினால் விழுந்த வண்டு ஏறி வெளியே வந்து பக்கத்து மரத்தில் உட்காரும். வெயில் காலத்தில் நான்கு நாளுக்கு ஒருமுறை பார்த்து ஊற்றுங்கள். தீனியை வாரம் பத்து நாளில் மாற்றுங்கள். பழைய தீனியைத் தோப்பில் கொட்டாமல் குழியில் புதையுங்கள்.

ஐந்து ஏக்கருக்கு ஒரு பொறி என்பது கணக்கு. எங்கே கட்டுகிறோம் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். லூர் மணம் உங்கள் தோப்போடு நிற்பதில்லை, அக்கம்பக்கத்து வண்டையும் கூப்பிடும். வந்ததெல்லாம் பக்கெட்டுக்குள் விழுவதும் இல்லை. இளங்கன்று மேலோ, அதை ஒட்டியோ கட்டினால் நீங்களே விருந்து வைத்த மாதிரி. தோப்பின் ஓரத்தில், நிழலில், இடுப்புக்குச் சற்று மேலே, தனிக் கம்பம் நட்டுக் கட்டுங்கள். ஓரிரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் தனியாக வைப்பதைவிட, பக்கத்துத் தோப்புக்காரர்களோடு ஒரே வாரத்தில் வைப்பதுதான் பலன் தரும்.

வாராவாரம் எண்ணி நோட்டில் எழுதுங்கள். நன்றாக விழுந்துகொண்டிருந்த பொறி சட்டென்று வெறுமையானால் வண்டு ஒழிந்துவிட்டது என்று சந்தோஷப்படுவதற்கு முன் லூர் தீர்ந்ததா, தீனி காய்ந்ததா, சாக்கு நழுவியதா என்று பாருங்கள். எண்ணிக்கை ஏறினால் அருகே ஏதோ ஒரு மரம் உள்ளே அழுகிக்கொண்டிருக்கக்கூடும்; தேடுங்கள்.

தாக்கிய மரம் குருத்து சாயாத நிலையில் இருந்தால் காப்பாற்றலாம். முற்றிய காய்களை முதலில் பறித்துவிட்டு, கீழ்த்துளைகளைக் களிமண்ணால் அடைத்து, மேல்துளையில் புனல் வைத்து இமிடாகுளோபிரிட் 17.8 எஸ்.எல். மருந்தை லிட்டர் தண்ணீருக்கு 1 மில்லி கலந்து ஊற்றி, அதையும் அடையுங்கள். மோனோகுரோட்டோபாஸை வேரில் கட்டும் பழைய யோசனையை இன்னும் சிலர் சொல்வார்கள். அது தடை செய்யப்பட்ட மருந்து. குருத்து சாய்ந்த மரத்தை வெட்டி, தண்டைப் பிளந்து, உள்ளே கூட்டுப்புழு இருக்கும் நார்க்கூடுகளோடு எரித்துவிடுங்கள். முழுத்தண்டாக வரப்பில் போட்டுவைத்தால் கூடுகளிலிருந்து வண்டு வரிசையாக வெளிவரும்.

பச்சை மட்டையை வெட்டியே ஆக வேண்டுமென்றால் தண்டிலிருந்து நான்கு அடி விட்டு வெட்டுங்கள். வெட்டுவாய் வழி நுழையும் புழு தண்டுவரை போய்ச்சேராது. ஏறுவதற்குத் தண்டில் படி வெட்டுவதும், டிராக்டர் கலப்பை உரசுவதும் முட்டைக்கு இடம் தருவதுதான். அப்படிப் பட்ட காயத்தை அன்றைக்கே தார் பூசி மூடிவிடுங்கள்.