சாவி வாங்கியதும் செய்ய வேண்டிய சோதனை

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) புதிய வீட்டுச் சாவி கைக்கு வந்ததும், புதுப்பிப்புக் குத்தகையாளரை அழைப்பதற்கு முன்னரே குறைகளைப் பட்டியலிட்டு, அங்கேயே இயங்கும் கட்டடச் சேவை நிலையத்திடம் முதல் மாதத்துக்குள் கொடுத்துவிடுங்கள். குறைபாட்டுப் பொறுப்புக் காலம் (கட்டியவர் குறைகளைச் சரிசெய்து தர வேண்டிய காலம்) ஓராண்டு என்றாலும், புதுப்பிப்பு வேலை தொடங்கிய பிறகு தென்படும் விரிசல் யாரால் வந்தது என்ற வாக்குவாதம் எளிதில் தீராது.

தரை ஓடுகளின் மூலைகளையும் நடுப்பகுதியையும் நாணயத்தால் தட்டிப் பாருங்கள்; 'டொக்' என்று வெற்றொலி எழுந்தால், அடியில் சாந்து சரியாகப் பிடிக்காமல் இருக்கலாம். குளியலறையில் ஒரு வாளி நீரை ஊற்றி, அது வடிகாலை நோக்கி ஓடுகிறதா, மூலையில் தேங்குகிறதா என்று கவனிப்பது, சுவரில் சாயத் திட்டுகளைத் தேடுவதைவிட முக்கியம் (சாயத்தை எப்படியும் பலர் மாற்றிப் பூசத்தான் போகிறார்கள்). குறையுள்ள இடத்தில் ஒட்டுநாடா ஒட்டி எண்ணிட்டு, அருகிலிருந்தும் சற்றுத் தள்ளியும் படமெடுத்து வையுங்கள். தரை ஓடு ஒன்றை மாற்றினார்கள் என்றால், அதை மீண்டும் தட்டிப் பார்க்காமல் கையொப்பமிட வேண்டாம்.

வெளிச்சுவர் நீர்க்கசிவுக்கும் சமையலறை, கழிவறைக் கூரைக் கசிவுக்கும் 5 ஆண்டு உத்தரவாதம் உண்டு. கான்கிரீட் பெயர்ந்து உதிர்வதற்கு அது 10 ஆண்டு.