வலிப்புக்காரர் நாங்கள் செய்யிற விசர் வேலையள்

போன கிழமை கிளினிக் வரிசையில எனக்கு முன்னால ஒரு பெடியன், இருபது வயசு வராது, கொப்பியைச் சுருட்டிப் பிடிச்சுக்கொண்டு நிண்டவன், "அண்ணை, ஒண்டரை வருசமா ஒண்டும் வரேல்லை, அதுதான் குளிசையை விட்டுப் பாத்தனான்" எண்டான். நெத்தியில ஏழு தையல். எனக்குப் பத்திக்கொண்டு வந்துது, ஏனெண்டால் அது அப்பிடியே என்ர கதை.

வாயில கரண்டி வைக்காதேங்கோ, கையில திறப்புக்கோர்வை குடுக்காதேங்கோ எண்டதெல்லாம் எல்லாரும் சொல்லிப்போட்டினம், அதை விடுறன்.

குளிசையை நீங்களா நிப்பாட்டுறது

எனக்குப் பதினாறில தொடங்கினது. வல்ப்ரோயேட் எண்ட வலிப்புக் குளிசை, காலமையும் இரவும். ரெண்டு வருசத்துக்குக் கிட்ட ஒருக்காலும் வரேல்லை. கம்பஸ் முதலாம் வருசம், குளிசையால நித்திரை தூங்குது, உடம்பும் வைக்குது, அதோட கந்தசஷ்டியும் வந்துது, "முருகன் பாப்பான்" எண்டு ஒரு மாமி சொன்னதையும் பிடிச்சுக்கொண்டு முதல் நாளே விட்டிட்டன். அம்மா எண்ணுவா எண்டு தெரியும், அதால ஒவ்வொரு நாளும் கணக்கா உடைச்சு எடுத்துப் பழைய சப்பாத்துக்குள்ள போட்டனான். நாலாம் நாள் விடிய கிணத்தடியில விழுந்தது. நினைவு திரும்ப முதல் அடுத்தது, ஆட்டோக்குள்ள மூண்டாவது. ஐசியூவில ரெண்டு நாள். கண் முழிக்க அம்மா கேட்ட முதல் கேள்வி, "ஏன் தம்பி சப்பாத்துக்குள்ள?"

குளிசை வலிப்பை அடியோட சுகமாக்கிறேல்லை, மூளைக் கலங்கள் கண்டபாட்டுக்கு ஒண்டாச் சேந்து கரண்ட் அடிக்காமல் அமத்தி வைச்சிருக்குது, அவ்வளவுதான். மருந்து இரத்தத்தில திடீரெண்டு இறங்கினால் அமத்தினதெல்லாம் ஒரேயடியா எழும்பும், முந்தினதை விட மோசமாயும் வரும். நிப்பாட்டவே ஏலாது எண்டில்லை. ரெண்டு வருசம் வலிப்பே இல்லாட்டி டொக்டரே அதைப்பற்றிக் கதைப்பார், தேவையெண்டால் ஈஈஜி எண்டு தலையில வயர் ஒட்டி மூளையின்ர கரண்டைப் பாக்கிற சோதினை எடுப்பினம், ஆனா மாதக்கணக்கில கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைப்பினம். விரதமெண்டால் முதலே டொக்டரிட்டச் சொல்லுங்கோ. குளிசை விழுங்கிற ஒரு மிடறு தண்ணிக்கு முருகன் கோவிக்கமாட்டார்.

உதில இன்னொரு கூத்து கலியாணம். பேசேக்க மறைக்கிறது, பிறகு மாமியார் வீட்டில குளிசைப் பையை எங்க ஒளிக்கிறது? தாலி ஏறின கிழமையே மருந்து நிண்டுபோம். பிறகு வல்ப்ரோயேட் வயித்துப் பிள்ளைக்குக் கூடாது எண்டு யாரும் சொன்னால் பயந்துபோய் விடுறது. கூடாதெண்டது உண்மை, ஆனா பிள்ளை தரிக்க முதலே டொக்டரிட்டக் கதைச்சு மாத்துற விசயம் அது.

நித்திரை முழிப்பு

நித்திரை முழிச்சால் வலிப்பு வரலாம், அதால சிவராத்திரி முழிப்பு உங்களுக்கில்லை. சோதினைக்கு முதல் இரவும்தான்.

விழுந்தால்தான் வலிப்பெண்டு நினைக்கிறது

சித்தியின்ர மகள் வகுப்பில இருந்தபடியே அரை நிமிசம் வெறிச்சுப் பாப்பாள், சொண்டைச் சப்புவாள், சட்டைத் தெறியை நோண்டுவாள், கூப்பிட்டால் கேக்காது. கவனமில்லை எண்டு ரீச்சரிட்ட அடியும் வாங்கினவள், பாவம். அதுவும் வலிப்புத்தான். சித்தி போனில வீடியோ எடுத்துக்கொண்டு போய்க் காட்டினாப் பிறகுதான் டொக்டருக்கே பிடிபட்டது, கிளினிக் கதிரையில இருக்கேக்க அது வந்து காட்டாது பாருங்கோ.

கிணறு

தனிய அள்ளிக் குளிக்காதேங்கோ.

மணிக்கூடு பாக்காதது

இது பக்கத்தில நிக்கிற ஆக்களுக்கு: வலிப்பு வந்தவரைச் சரிச்சுக் கிடத்திப்போட்டு நேரத்தைப் பாருங்கோ. அஞ்சு நிமிசம் தாண்டினாலோ, நினைவு திரும்ப முதல் இன்னொருக்கா வந்தாலோ 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ.

டொக்டருக்குப் பொய் சொல்லுறது

குளிசையை விட்டது தெரியாட்டி, இந்த அளவு காணாதாக்கும் எண்டு அவர் கூட்டி எழுதுவார். உதையும் அந்தப் பெடியனுக்குச் சொல்லித்தான் உள்ள விட்டனான். தலையை ஆட்டினவன். வெளிய வரேக்க குளிசைப் பை முந்தினதை விட மொத்தமாக் கிடந்துது.