குட்டிக் கேபினட்டில் கூலர் மாற்றுவது எப்படி? முதலில் காற்றின் வழியைப் பாருங்கள்

மூடியில் கை வைத்தால் சுடுகிறது. கனமான வேலை ஒன்றைக் கொடுத்ததும் ஃபேன் இரைச்சலிடுகிறது. கால் மணி நேரம் போனதும் கணினி மந்தமாகிவிடுகிறது. சிறிய டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் இதுதான். சொல்லி முடித்த கையோடு, பிராசசரைக் குளிர்விக்க எந்தக் கூலர் வாங்கலாம் என்று கேட்பார்கள். நான் கேட்பது வேறு: மூடியைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பார்த்தீர்களா?

பெரிய கேபினட்டில் கூலரைச் சுற்றிக் காற்று தாராளமாக இருக்கும். சிறியதில் அந்த வசதி இல்லை. 170-க்கு 170 மில்லிமீட்டர் மினி-ஐடிஎக்ஸ் மதர்போர்டு, அதை ஒட்டியே பவர் சப்ளை, மிச்ச இடத்தில் கேபிள் கட்டு. இந்த நெருக்கடியில் எவ்வளவு நல்ல கூலரானாலும், தான் வெளியே தள்ளிய சூட்டையே மறுபடி உறிஞ்சிக்கொண்டு திணறும். அதனால் இந்த விளக்கத்தில் கூலர் இரண்டாவதாகத்தான் வரும்.

படி 1: மூடியோடும் மூடி இல்லாமலும் ஒரு சோதனை

விண்டோஸ் என்றால் எச்டபிள்யூஇன்ஃபோ, லினக்ஸ் என்றால் எல்எம்-சென்சார்ஸ். இந்த மென்பொருள்களில் பிராசசரின் வெப்பநிலை தெரியும். சுமை கொடுக்க சினிபெஞ்ச் அல்லது ஸ்ட்ரெஸ்-என்ஜி போதும். மூடியைப் பூட்டியபடி இருபது நிமிடம் ஓட்டுங்கள். ஐந்து நிமிடத்தில் நிறுத்திவிடாதீர்கள். சிறிய கேபினட்டின் உலோகமும் உள்ளிருக்கும் காற்றும் சூடேறி ஒரு நிலைக்கு வர நேரம் பிடிக்கும். கடைசியில் நிற்கும் எண்ணையும் அப்போதைய அறை வெப்பநிலையையும் எழுதிவையுங்கள். கணினி ஆறிய பிறகு, மூடியைக் கழற்றிவிட்டு அதே சோதனையை மீண்டும் செய்யுங்கள்.

இரண்டுக்கும் இடையே பத்து டிகிரி அளவுக்கு வித்தியாசம் வந்தால் குறை காற்றின் வழியில்தான் இருக்கிறது. வித்தியாசம் அதிகம் இல்லாமல் இரண்டுமே உச்சத்தில் நின்றால் கூலரோ, பிராசசருக்கும் கூலருக்கும் இடையே பூசும் தெர்மல் பேஸ்டோதான் காரணம். உச்சம் என்பது பிராசசருக்குப் பிராசசர் மாறும். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 95 டிகிரி, இன்டெலின் பல டெஸ்க்டாப் பிராசசர்களுக்கு 100 டிகிரி. அந்த எல்லையைத் தொட்டதும் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மந்தம் வருவது அதனால்தான்.

பழைய கணினியானால், எதையும் வாங்கும் முன் ஃபேனிலும் கூலரின் உலோகத் தகடுகளுக்கிடையிலும் படிந்த தூசியைத் தட்டி எடுத்து, பேஸ்டைப் புதிதாகப் பூசிப் பாருங்கள். அதோடு வேலை முடிந்துவிடுவதும் உண்டு.

படி 2: அளவெடுப்பது

இதில் அவசரம் வேண்டாம். கூலரின் உயரமாக நிறுவனம் தருவது பொதுவாக அதன் அடிப்பாகத்திலிருந்து ஃபேனின் மேல்விளிம்பு வரையிலான அளவு. ஆகவே உங்களுக்குத் தெரிய வேண்டியது, பிராசசரின் உலோக மூடியிலிருந்து கேபினட் மூடியின் உட்புறம் வரை எத்தனை மில்லிமீட்டர் என்பது. மூடியைப் பூட்டியபின் உள்ளே அளவுகோலை விட முடியாதே?

நான் செய்வது இது. குழந்தைகள் விளையாடும் வண்ணக் களிமண்ணில் சிறிய உருண்டை ஒன்றை மெல்லிய பாலிதீனில் சுற்றி, கணினியின் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, இப்போதுள்ள ஃபேனின் நடுக் குமிழ்மேல் வைப்பேன். மூடியை மெதுவாகப் பூட்டித் திறந்தால் உருண்டை நசுங்கி வட்டாக இருக்கும். அந்த வட்டின் தடிமன்தான் மிச்சமுள்ள இடைவெளி. அதோடு பழைய கூலரின் உயரத்தைக் கூட்டினால் கணக்கு வந்துவிடும். பிளாஸ்டிக் ஃபேன் என்பதால் உருண்டையைச் சிறியதாகவே வையுங்கள். அதிகம் அழுத்தம் கொடுக்கக் கூடாது.

உயரம் சரியாக இருந்தும் கூலர் உட்காராமல் போவதுண்டு. ராம் பட்டைகளின் உயரம், பின்பக்க இணைப்புகளின் மேலுள்ள உறை, போர்டின் மின்சாரப் பகுதிமேலுள்ள, சூட்டை இழுக்கும் உலோகக் கட்டியான ஹீட்சிங்க் ஆகிய மூன்றும் இடிக்கும் இடங்கள். பிராசசர் உட்காரும் இடமான சாக்கெட்டின் நடுவிலிருந்து ஒவ்வொன்றும் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று நான்கு திசையிலும் அளந்துகொள்ளுங்கள்.

சாக்கெட்டையும் உறுதிசெய்ய வேண்டும். இன்டெல் எல்ஜிஏ 1200-இல் கூலர் துளைகளுக்கிடையே 75 மில்லிமீட்டர். எல்ஜிஏ 1700-இல் 78. மூன்று மில்லிமீட்டர்தானே என்று வளைத்துப் பூட்ட முடியாது. அதற்குரிய பொருத்துப் பாகம் வேண்டும்.

அலுவலகங்களுக்கென்று தயாராகும் பிராண்டட் குட்டி டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் இங்கே ஒரு நிமிடம் நிற்கவும். அவற்றில் பலவற்றில் கூலரின் ஸ்க்ரூ கேபினட்டின் அடித்தகட்டிலேயே இறங்கும், ஃபேன் இணைப்பும் தனி வகையாக இருக்கும். வேறு ஃபேன் பொருத்தினால் ஒவ்வொரு முறை இயக்கும்போதும் பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும் போர்டின் உள் நிரல்) பிழை காட்டி நிற்கலாம். அதே மாடலில் உயர்ந்த பிராசசருக்கென அந்த நிறுவனமே தரும் கூலரைத் தேடுவதுதான் உங்களுக்குச் சரியான வழி.

படி 3: கூலரைத் தேர்ந்தெடுப்பது

ஏஎம்டி பிராசசர்களுடன் வரும் ரெய்த் ஸ்டெல்த் 54 மில்லிமீட்டர் உயரம். அதைவிடக் குறைந்த இடம்தான் என்றால் 37 மில்லிமீட்டர் நாக்டுவா என்எச்-எல்9 வகை, 47 மில்லிமீட்டர் தெர்மல்ரைட் ஏஎக்ஸ்பி90-எக்ஸ்47 போன்றவை உண்டு. 70 மில்லிமீட்டர் கிடைத்தால் நாக்டுவா என்எச்-எல்12எஸ் வரை போகலாம். என் கருத்தில், கிடைக்கும் இடத்தை முழுவதும் நிரப்பும் கூலரைவிட, ஃபேனுக்கும் துளையுள்ள மூடிக்கும் இடையே நான்கைந்து மில்லிமீட்டர் விட்டுவைக்கும் கூலர் நல்லது. ஒட்டிக்கொண்டு நின்றால் துளைகளின் விளிம்பில் காற்று கிழிந்து சீழ்க்கைபோல் ஒலி எழும்.

கூலரால் தாங்க முடியாத பிராசசரும் உண்டு. கோர் ஐ5-12400-இன் அடிப்படை அளவு 65 வாட், ஆனால் முழு வேகத்தில் 117 வாட் வரை எடுக்கும். 37 மில்லிமீட்டர் கூலரிடம் அந்த உச்சத்தை நீண்ட நேரம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. 105 வாட் ரைசனை ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் உள்ள போர்டில் அப்படியே விட்டால் 142 வாட் வரை இழுக்கும். பயாஸில் 65 வாட் ஈகோ மோடுக்கு (மின்சாரத்தைக் குறைக்கும் அமைப்பு) மாற்றினால் உச்சம் 88 வாட்டாக இறங்கும். மின் அளவை இறக்கியதற்கேற்ற அளவு வேகம் குறைவதில்லை. சிறிய கேபினட்டுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

படி 4: பழையதைக் கழற்றுவது

முதலில் கணினியைப் பத்து நிமிடம் சுமையோடு ஓட்டுங்கள். பேஸ்ட் இளகும். பிறகு அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சில விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். கேபினட்டின் வண்ணம் பூசாத உலோகத்தைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஃபேன் கம்பியைக் கழற்ற மறக்காதீர்கள்.

ஏஎம்4 சாக்கெட் என்றால் மிகவும் கவனம். ஸ்க்ரூக்களைக் கழற்றியதும் கூலரை நேராக மேலே இழுக்கவே கூடாது. காய்ந்த பேஸ்ட் பசைபோலப் பிடித்துக்கொண்டு, நெம்புகோல் பூட்டியிருக்கும்போதே பிராசசரைச் சாக்கெட்டிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும். எனக்கு ஒருமுறை அப்படி நடந்தது. கூலரைத் திருப்பிப் பார்த்தபோது பிராசசர் அடியில் தலைகீழாக ஒட்டியிருந்தது, ஓரத்தில் ஐந்து ஊசிகள் சாய்ந்திருந்தன. பழைய மெக்கானிக்கல் பென்சிலின் வெற்று முனையை ஒவ்வோர் ஊசியாக மாட்டி நிமிர்த்த ஒரு மாலை முழுவதும் ஆனது. கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகுங்கள். பிடி விட்டது கையில் தெரிந்த பிறகே தூக்குங்கள்.

பல தாழ்வான கூலர்களுக்கு மதர்போர்டின் பின்புறத்திலிருந்து ஸ்க்ரூ போட வேண்டும். அதற்காகப் போர்டை வெளியே எடுப்பது சலிப்பான வேலைதான், ஆனால் தவிர்க்க வழியில்லை. எந்தக் கம்பி எங்கே போகிறது என்று முன்கூட்டியே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 5: துடைத்து, பேஸ்ட் வைத்து, பூட்டுவது

பஞ்சு உதிராத துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்து, பிராசசர் மூடி கண்ணாடிபோல் ஆகும்வரை துடையுங்கள். இரண்டு உலோகப் பரப்புகளும் நம் கண்ணுக்குத்தான் வழவழப்பு. நுண்ணிய பள்ளங்களில் காற்று தங்கும், காற்றோ வெப்பத்தைக் கடத்துவதில் தாமிரத்தைவிடப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல் மோசம். அந்தக் காற்றை விரட்டுவதற்குத்தான் பேஸ்ட். நடுவில் ஒரு பட்டாணி அளவு போதும். எல்ஜிஏ 1700 போன்ற நீள்சதுர மூடியில் சிறு கோடாக இடலாம். கூலரின் அடியில் ஏற்கெனவே பேஸ்ட் பூசியிருந்தால் மேலும் வைக்க வேண்டாம். பாதுகாப்புப் படலம் ஒட்டியிருந்தால் உரித்துவிடுங்கள்.

கூலரை நேராக இறக்கி, ஒரு மூலை, பிறகு அதற்கு எதிர்மூலை என்று குறுக்காக இரண்டிரண்டு சுற்றாக முறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுதாக முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் கூலர் சாய்ந்து, பேஸ்ட் ஒரு பக்கமாகப் பிதுங்கும். ஃபேன் இணைப்பைப் போர்டில் பிராசசர் ஃபேனுக்கென்று குறிக்கப்பட்ட இடத்திலேயே கொடுங்கள். எந்தக் கம்பியும் இறக்கையில் உரசாதபடி ஒதுக்கிக் கட்டுங்கள்.

படி 6: காற்றுக்குச் சுவர்

கூலர் மாற்றுபவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். மூடியின் துளைகளுக்கும் ஃபேனுக்கும் இடையே 15, 20 மில்லிமீட்டர் இருந்தால் ஃபேன் வெளிக்காற்றை மட்டும் எடுப்பதில்லை. தகடுகள் வழியே கீழே போய்ப் போர்டில் மோதி நாலாபக்கமும் எழும் சூடான காற்று பக்கவாட்டில் சுற்றிவந்து மறுபடி ஃபேனுக்குள்ளேயே போகும்.

மென்மையான ஃபோமில் அந்த இடைவெளியைவிட இரண்டு மில்லிமீட்டர் அதிக உயரமாகப் பட்டை வெட்டி, ஃபேன் சட்டத்தின் நான்கு ஓரங்களிலும் ஒட்டுங்கள். மூடியைப் பூட்டியதும் ஃபோம் லேசாக அமுங்கி, துளையிலிருந்து ஃபேன் வரை ஒரு சிறு கிணறு உருவாகும். என் கேபினட்டில் புதிய கூலர் தந்தது நான்கு டிகிரி, இந்த ஃபோம் பட்டை தந்தது ஏழு.

படி 7: பயாஸும் கடைசிச் சோதனையும்

பயாஸில் ஃபேன் நான்கு ஊசி பிடபிள்யூஎம் முறையில் (மின் துடிப்புகளால் ஃபேன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் முறை) இயங்குகிறதா என்று பாருங்கள். வேகத்தை 60 டிகிரி வரை 40 சதவீதம், 75-இல் 65, 85-இல் முழு வேகம் என்று தொடங்கலாம். வேக மாற்றத்துக்குச் சில விநாடி தாமதம் கொடுக்கும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு நிரலைத் திறக்கும்போதும் ஃபேன் ஏறி இறங்கி எரிச்சலூட்டும்.

முதல் படியில் செய்த அதே இருபது நிமிடச் சோதனையை மூடி பூட்டியபடி ஓட்டுங்கள். அறை வெப்பநிலை மாறியிருந்தால் அந்த வித்தியாசத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். கடைசி எண்ணை மட்டும் பார்க்காமல், ஏறும் வேகத்தையும் கவனியுங்கள். சுமை கொடுத்த சில விநாடிகளுக்குள் 90-ஐத் தாண்டிப் பாய்ந்தால், மின் அளவை உச்சத்தில் விட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். அது சரியாக இருந்தால் கூலர் பிராசசரோடு ஒழுங்காகத் தொடவில்லை. கழற்றி, துடைத்து, புதிய பேஸ்டோடு மறுபடி பூட்டுங்கள். 70-இல் தொடங்கி, நிமிடத்துக்கு நிமிடம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போனால் கூலரைத் தொட வேண்டாம். ஃபோம் பட்டையில் எங்கோ இடைவெளி இருக்கிறது, அல்லது சூடான காற்று வெளியேறும் துளையைக் கேபிள் அடைத்துக்கொண்டிருக்கிறது.