கொதிநீரில் மிதந்த எண்ணெய்

மௌசர் கெவேர் 98 என்ற பழைய ஜெர்மன் ராணுவத் துப்பாக்கியின் குழலுக்குப் பழைய முறையில் துருநீலம், அதாவது துருவையே கருநிறக் காப்புப் பூச்சாக மாற்றும் வேலை, ஏற்ற ஐந்து நாள் அல்லாடினேன். கரைசல் பூசிச் செந்துரு பிடிக்கவைத்து, கொதிநீரில் போட்டால் அது கறுப்பாகும். மென்கம்பி பிரஷால் தேய்த்து மறுபடி பூச வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் பின்குறியை (குழல் மேல் பின்பக்கம் இருக்கும், குறிபார்க்க உதவும் பாகம்) ஒட்டி விரலகலத்துக்கு வெளிறிய திட்டு.

கைரேகை என்று நினைத்து அசிட்டோனால் துடைத்தேன். புதுக் கரைசல் வாங்கினேன், வீண் செலவு. குழாய்த் தண்ணீருக்குப் பதில் காய்ச்சி வடித்த நீர். சாம்பல் கோடுகள் மறைந்தன, திட்டு அப்படியே.

அப்புறம்தான் கவனித்தேன்: துரு சீராகத்தான் பிடிக்கிறது, கொதித்த பிறகே திட்டு வருகிறது. தொட்டியைக் குனிந்து பார்த்தால், தண்ணீர் மேல் வானவில் நிறத்தில் மெல்லிய படலம்! இந்த மாடலில் பின்குறியின் அடி, குழலைச் சுற்றி ஈயப்பற்று வைத்த உறை. அந்த இடுக்கில் தங்கிய பழைய எண்ணெய் சூட்டில் கசிந்து, குழலை வெளியே எடுக்கும்போது ஒட்டிக்கொள்கிறது.

எல்லாவற்றையும் தேய்த்தெடுத்து, கரைசலைத் தொடும் முன்பே சலவைச் சோடா கலந்த நீரில் அரை மணி நேரம் கொதிக்கவைத்தேன். 100 டிகிரிக்குப் பற்று இளகாது. படலத்தை வழித்து, நீரை மாற்றி, மூன்று தடவை. மூன்றாவதில் நீர் தெளிவாக இருந்தது. நல்ல நீரில் அலசி, ஆறு பூச்சு கொடுத்தேன். திட்டே இல்லை, அப்பாடா.