விருந்துக்கு ஒரே பாத்திரம் போதும்

சமையல் இன்னும் கைவரவில்லை, அதற்குள் குடும்பமே இரவுச் சாப்பாட்டுக்கு வருகிறதா? நாலு அடுப்பில் நாலு பதார்த்தம் என்று இறங்கிவிடாதீர்கள். அடுப்பில் ஒன்று, அடுப்பே தேவைப்படாதவை இரண்டு. என் கணக்கு இவ்வளவுதான்.

அடுப்பில் காய்கறி போட்ட ஒரே பாத்திரச் சோறு. ஆறு பேருக்கு 3 கப் அரிசி தாராளம். 1 கப் நீள அரிசிக்குத் தண்ணீர் ஒன்றரை கப். அரிசியை ஊறவைத்திருந்தாலும் சரி, அரிசி அளவைக் கூட்டினாலும் சரி, இந்தக் கணக்கைவிடத் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்தே ஊற்றுங்கள். புதிதாகச் சமைப்பவர்கள் குழைத்துவிடுவது பெரும்பாலும் இங்கேதான். மூடும் முன் அந்தத் தண்ணீரை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்பு ஒரு இழை தூக்கலாக இருந்தால், வெந்த பிறகு சரியாக இருக்கும். அடுப்பை அணைத்ததும் 10 நிமிடம் மூடியைத் தொடக் கூடாது (கை பரபரக்கும், தெரியும்). மிச்ச வேக்காட்டை உள்ளே இருக்கும் ஆவி பார்த்துக்கொள்ளும்.

கூடவே வெள்ளரி, வெங்காயம் நறுக்கிப் போட்ட தயிர். இனிப்புக்கு வெட்டிய பழம். அதைக் காலையிலேயே ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம்.

விருந்துக்கு முந்தின வாரம் இரண்டு பேருக்கு மட்டும் ஒரு தடவை செய்து பார்த்துவிடுங்கள்.