தச்சு மேசைக்குக் கால் வைஸ் செய்யும் முறை

இழைப்புளியும் உளியும் எவ்வளவு கூராக இருந்தாலும், மரம் அசையாமல் நிற்காவிட்டால் அவற்றால் பயனில்லை. நம் ஊர் ஆசாரிகள் தரையில் அமர்ந்து, பலகையைக் கால் விரல்களாலும் குதிகாலாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இரு கைகளையும் வேலைக்கு விட்டுவிடுவார்கள். அந்தப் பிடி ஆண்டுக்கணக்கான பழக்கத்தில் வருவது. நின்றுகொண்டு மேசையில் வேலை செய்பவருக்கு அந்தக் காலின் வேலையைச் செய்ய ஒரு வைஸ், அதாவது இரண்டு தாடைகளுக்கு இடையே மரத்தைக் கவ்விப் பிடிக்கும் கருவி, வேண்டும். கடையில் விற்கும் வார்ப்பிரும்பு வைஸை வாங்கிப் பூட்டிக்கொள்ளலாம் என்றாலும், கையாலேயே வேலை செய்பவருக்கு நான் பரிந்துரைப்பது மேசையின் முன்காலையே ஒரு தாடையாக்கி, அதற்கு எதிரே நெடிய மரத்தாடை ஒன்றை நிறுத்தும் கால் வைஸைத்தான். அகலமான பலகையை ஆழமாக உள்ளே விட்டுப் பிடிக்க அது இடம் தருகிறது. இரும்புக்கு மட்டுமே பணம் செலவாகிறது. பழுதானால் நம் கையாலேயே சரிசெய்துவிடலாம்.

இதில் முக்கியமான உறுப்புகள் நான்கு: அசையும் தாடை, அதை இழுக்கும் திருகு, மேசைக்காலின் பின்புறம் நிற்கும் நட்டு, தாடையின் அடிப்பகுதியிலிருந்து காலின் ஊடே சென்று வரும் வழிச்சட்டம். புதிதாகச் செய்பவர்கள் கவனம் முழுவதையும் திருகின் மேல் வைத்து, வழிச்சட்டத்தை ஏதோ ஒரு துணைக்கட்டையாக நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் வைஸ் நன்றாகக் கவ்வுவதும் கவ்வாததும் அந்தச் சட்டத்தைப் பொறுத்தது. திருகை முறுக்கும்போது தாடை நடுவில் இழுக்கப்படுகிறது; மேல்நுனி பலகையில் முட்டி நிற்க, அடிநுனி தடையில்லாமல் காலை நோக்கி உள்ளே போகப் பார்க்கும். அப்படிப் போய்விட்டால் மேல்வாய் விரிந்து, பலகையின் கீழ்விளிம்பு மட்டும் கவ்வப்பட்டு, மேல்பகுதி ஆடும். வழிச்சட்டத்தில் செருகிய முளை, காலின் முன்முகத்தில் முட்டி அடிநுனியைத் தடுக்கும்போதுதான் தாடை ஒரு நெம்புகோலாகி, விசை மேல்வாய்க்குப் போகிறது.

இந்த நெம்புகோல் கணக்கை மேசையில் கை வைப்பதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். மேசையின் உயரம் 840 மி.மீ. என்று கொள்வோம். திருகின் மையம் மேசைப்பரப்பிலிருந்து 220 மி.மீ. கீழே, வழிச்சட்டம் தரையிலிருந்து 120 மி.மீ. மேலே என்றால், சட்டத்திற்கும் திருகுக்கும் இடையே 500 மி.மீ., சட்டத்திற்கும் மேல்வாய்க்கும் இடையே 720 மி.மீ. இருக்கும். திருகு இழுக்கும் விசையில் 720க்கு 500 பங்கு, அதாவது ஏறக்குறைய 70 விழுக்காடு, பலகையின் மேல் விழுகிறது. அதே சட்டத்தைக் குனியச் சோம்பி 320 மி.மீ. உயரத்தில் வைத்தால் அது 58 விழுக்காடாகக் குறைந்துவிடும். ஆகவே சட்டம் எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு நல்லது. திருகை மேலே ஏற்றினாலும் பிடி கூடும். ஆனால் பலகையை விடும் ஆழம் அந்த அளவுக்குக் குறையும். 220 மி.மீ. என்பது எனக்குப் பொருந்திவந்த அளவு.

தாடைக்கு வேங்கை, வாகை, பூவரசு, கருவேலம் ஆகிய எதுவும் ஏற்றதே. தேக்கும் ஆகும், ஆனால் இந்த வேலைக்கு அந்த விலை தேவையில்லை. எனக்குப் பிடித்த வழி, இடிக்கும் பழைய வீடுகளிலிருந்து வரும் நிலைக்கால்களை வாங்குவது: பல பத்தாண்டுகள் காய்ந்து, அடங்க வேண்டிய அளவுக்கு அடங்கிய மரம் அது. இழைப்பதற்கு முன் அதன் எல்லாப் பக்கங்களிலும் ஒரு காந்தத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள், ஏனெனில் சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில் முறிந்து நிற்கும் ஒரே ஓர் ஆணி இழைப்புளியின் அலகைப் பாழாக்கிவிடும். வெளிறான பகுதி உளுத்துப்போகும் என்பதால் வைரம் பாய்ந்த பகுதியை மட்டும் எடுக்க வேண்டும். இழைத்து முடித்த பின் அளவு 800 மி.மீ. நீளம், 180 மி.மீ. அகலம், 55 மி.மீ. கனம் இருக்கட்டும், 45 மி.மீ. கனத்துக்குக் கீழே போனால் முறுக்கும்போது தாடை வளைவது கண்ணுக்கே தெரியும். பட்டைப் பக்கம் காலைப் பார்க்கவும் வைரப் பக்கம் வெளியே பார்க்கவும் நிறுத்துங்கள். மரம் மேலும் உலர்ந்தால் பட்டைப் பக்கம்தான் குழியும். அப்போது தாடை இரு ஓரங்களிலும் ஊன்றிக் கவ்வும், நடுவில் முட்டி ஆடாது.

திருகைக் கடையில் வாங்கலாம், அல்லது லேத் பட்டறையில் கடைந்து வாங்கலாம். எம்24 மரைக்கம்பி (24 மி.மீ. விட்டமுள்ளது) மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வாங்க வேண்டாம். அதன் மரை முக்கோண வடிவமானது, உராய்வு கூடுதல். ஒரு சுற்றுக்கு 3 மி.மீ. மட்டுமே நகரும், 100 மி.மீ. திறக்க 33 முறை சுற்ற வேண்டியிருக்கும். 30 மி.மீ. விட்டத்தில் 6 மி.மீ. புரியிடையுள்ள (ஒரு சுற்றுக்கு 6 மி.மீ. நகரும்) சதுர மரை அல்லது சரிவக மரை என்று கேளுங்கள்; 17 சுற்றில் அதே தூரம் வந்துவிடும். தலைக்குக் கீழே 420 மி.மீ. நீளம் இருந்தால் தாடை, கால், நட்டு எல்லாம் போக 200 மி.மீ. வாய் திறக்கும். தலையில் கைப்பிடித் தடிக்கு 20 மி.மீ. துளையும், தலையை ஒட்டியே 6.5 மி.மீ. அகலத்தில் 3 மி.மீ. ஆழமான ஒரு பள்ளமும் கடைந்து தரச் சொல்ல வேண்டும். அந்தப் பள்ளத்தை மறந்துவிடாதீர்கள். 6 மி.மீ. இரும்புத் தகட்டை இரண்டு பாதியாக அறுத்து, பள்ளத்தில் பொருந்துமாறு அரைவட்டம் வெட்டித் தாடையின் வெளிமுகத்தில் ஸ்க்ரூவால் பூட்டினால், திருகைத் தளர்த்தும்போது தாடையும் கூடவே வெளியே வரும். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் தாடையைக் கையால் இழுத்துத் திறக்க வேண்டும்.

இந்தத் திருகின் வலிமையைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். 150 மி.மீ. கைநீளத்தில் 10 கிலோ அளவு அழுத்தம் கொடுத்தால், ஒரு சுற்றில் கை 942 மி.மீ. நகர, திருகு 6 மி.மீ. நகர்கிறது, உராய்வே இல்லையென்றால் 1,570 கிலோ இழுக்கும். உராய்வு பெரும்பகுதியைத் தின்றுவிடும் என்றாலும், ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சினாலே 300 கிலோவுக்கு மேல் வருகிறது. இரும்புக் குழாயைச் செருகி முறுக்குவது வீண், மரம்தான் நசுங்கும். அதே உராய்வினால்தான் கையை எடுத்த பிறகும் திருகு தானாகத் தளராமல் நிற்கிறது.

வலக்கைப் பழக்கமுள்ளவருக்கு வைஸ் மேசையின் இடது முன்காலில் வர வேண்டும். அந்தக் கால் 100 மி.மீ. கனத்திற்குக் குறையாமலும், அதன் முன்முகம் மேசைப்பலகையின் விளிம்போடு ஒரே மட்டத்திலும் இருக்க வேண்டும். பலகை முன்னே நீட்டிக்கொண்டிருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். தாடையைக் காலோடு சேர்த்து இரண்டு ஜி-கிளாம்ப்புகளால் இறுக்கி, திருகின் மையத்தில் 6 மி.மீ. துளையை இரண்டின் ஊடாகவும் ஒரே போக்கில் போட வேண்டும். டிரில்லுக்குப் பக்கத்தில் ஒன்றும் மேலே ஒன்றுமாக மூலைமட்டங்களை நிறுத்தி, அருகில் ஒருவரைப் பார்க்கச் சொன்னால் துளை கோணாது. பிறகு தாடையைப் பிரித்து, அந்தச் சிறுதுளையை மையமாகக் கொண்டு காலில் 36 மி.மீ., தாடையில் 34 மி.மீ. துளைகளை இருபக்கத்திலிருந்தும் பாதிப்பாதியாக எடுக்கலாம். தாடை சற்றே சாய்ந்து நிற்கப் போவதால், அதன் துளையை மேலும் கீழும் 3 மி.மீ. அரத்தால் நீட்டிவிடுங்கள். நட்டைக் காலின் பின்முகத்தில் பூட்ட வேண்டும். முறுக்கும்போது அது மரத்தின் மேல்தான் அழுந்துகிறது என்பதால், அதைப் பிடிக்கும் ஸ்க்ரூக்களுக்கு நட்டைச் சுழலாமல் நிறுத்துவதே வேலை.

வழிச்சட்டத்திற்கு 400 மி.மீ. நீளம், 75 மி.மீ. உயரம், 25 மி.மீ. கனமுள்ள கடினமரம் போதும். வைஸ் மூடியிருக்கும்போது இது காலுக்குப் பின்னால் ஏறக்குறைய 245 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும். நான் முதன்முதலில் செய்த வைஸில் இதைக் கணக்கில் கொள்ளாமல் காலில் துளை வெட்டிவிட்டேன். முன்காலையும் பின்காலையும் இணைக்கும் அடிச்சட்டம் அதே கோட்டில் நின்றது. வெட்டிய துளையைக் கட்டை வைத்து அடைத்து, கீழே புதிதாக ஒன்று வெட்ட ஒரு முழு நாள் போனது. ஆகவே துளை வெட்டும் முன் காலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். திருகின் நுனிக்கும் அதே எச்சரிக்கை பொருந்தும்.

காலில் வெட்டும் துளை, சட்டத்தைவிடப் பக்கவாட்டில் மொத்தம் 2 மி.மீ., மேல்கீழாக 3 மி.மீ. பெரிதாக இருக்கட்டும். வெயில் காலத்தில் கச்சிதமாக நழுவும் சட்டம், ஐப்பசி அடைமழையில் ஊதி இறுகிக்கொள்ளும். தாடையின் உள்முகத்தில், சட்டம் வரும் இடத்தில் 16 மி.மீ. ஆழத்திற்கு ஒரு குடைவு எடுக்க வேண்டும். வாய் முழுவதும் மூடும்போது முளை அந்தக் குடைவுக்குள் ஒதுங்கும். சட்டத்தின் கழுந்தை, அதாவது தாடைக்குள் செருகும் முனையை, தாடையின் மறுபக்கம் வரை செலுத்தி, வெளியிலிருந்து இரண்டு ஆப்புகள் அடித்துப் பசையிட்டு இறுக்குங்கள். பசை காய்வதற்குள் தாடையை மேசையில் ஏற்றிப் பார்த்து, சட்டம் துளையின் எந்தப் பக்கத்திலும் உரசாமல் போய் வருகிறதா என்று சரிபார்த்துவிடுவது நல்லது, காய்ந்த பிறகு திருத்த வழியில்லை.

சட்டத்தில் முளைக்கான 12 மி.மீ. துளைகளை இரண்டு வரிசையாகப் போட வேண்டும். ஒவ்வொரு வரிசையிலும் துளைக்குத் துளை 25 மி.மீ.; ஒரு வரிசை மற்றதைவிட 12.5 மி.மீ. தள்ளித் தொடங்கும். ஒரே வரிசையில் நெருக்கமாகத் துளைத்தால் இடையில் நிற்கும் மரம் பிளந்துவிடும். முதல் துளையின் மையம் குடைவின் தரையிலிருந்து 13 மி.மீ. தள்ளி வந்தால், மேல்வாய் மூடும்போது அடியில் 3 மி.மீ. இடைவெளி நிற்கும். அடுத்தடுத்த துளைகளில் அது 15.5, 28, 40.5 என்று கூடும். 25 மி.மீ. பலகையைப் பிடிக்க 28 மி.மீ. துளையில் முளையைச் செருகுங்கள். எப்போதும் பலகையின் கனத்தைவிடச் சற்றுக் கூடுதலான துளையே சரி. தப்பிப்போனாலும் கவலையில்லை, 720 மி.மீ. நீளத்தில் 12 மி.மீ. வேறுபாடு என்பது ஒரு பாகைச் சாய்வுதான். முளைக்கு 12 மி.மீ. இரும்புக்கம்பியில் 100 மி.மீ. துண்டு போதும், அதைச் சிறு கயிற்றால் தாடையில் கட்டித் தொங்கவிட்டால் சுருளில் தொலையாது.

இனி செய்வது நுணுக்கமான வேலை. தாளிலிருந்து விரலகலத்தில் இரண்டு பட்டைகள் கிழித்து, ஒன்றை மேல்வாயின் விளிம்பிலும் மற்றொன்றை அதற்கு 100 மி.மீ. கீழேயும் வைத்து, முளை முதல் துளையில் இருக்க, திருகை விரல்களால் மட்டும் மெல்ல முறுக்குங்கள். மேலிருக்கும் பட்டை இழுத்தால் வராமல் நிற்க வேண்டும். கீழிருப்பது அந்த நேரத்தில் உருவிக்கொண்டு வர வேண்டும். பிறகு கைப்பிடியைக் கால் சுற்று திருப்பினால் கீழ்ப்பட்டையும் இறுகிக்கொள்ளும். முதலில் கீழ்ப்பட்டை இறுகினால், தாடையின் உள்முகத்தில் மேல்விளிம்பை மட்டும் விட்டுவிட்டு, அதற்குக் கீழே இழைப்புளியை மிக மெல்லிய சுருள் வருமாறு நாலைந்து முறை ஓட்டி மீண்டும் சோதியுங்கள். இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் தனித்தனியே இதைச் செய்ய வேண்டும். எனக்கு இதற்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. முழு வேலையிலும் மிகப் பயனுள்ள இரண்டு மணி நேரம் அதுதான் என்று சொல்வேன்.

தாடையின் உள்முகத்தில், மேலிருந்து 150 மி.மீ. அளவுக்கு, 2 அல்லது 3 மி.மீ. கனமுள்ள தோலைச் சொரசொரப்பான பக்கம் வெளியே தெரியுமாறு ஒட்டினால் பாதி முறுக்கிலேயே பிடி நிற்கும், வழுவழுப்பாக இழைத்த பலகையிலும் தடம் விழாது. வெளிமுகத்தின் மேல்விளிம்பைச் சாய்வாகச் சீவிவிட்டால் ரம்பம் அதில் மோதாது. வெளிப்பக்கங்களுக்கு ஆளிவிதை எண்ணெய் இரண்டு பூச்சுப் போதும். வார்னிஷ் பூசினால் உள்முகம் வழுக்கும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடியது. விரித்து வெளியே உலர்த்துங்கள்.

தாடை ஐந்தாறு கிலோ எடையிருக்கும் என்பதால், சட்டம் காலப்போக்கில் துளையின் அடியில் அழுந்தித் தேயும். துளைக்குச் சற்று முன்னால், காலின் முன்முகத்தில் ஒரு சிறு உருளையைச் சட்டத்தின் கீழ்விளிம்பைத் தாங்குமாறு பூட்டினால், தாடையைக் கால்நுனியால் தள்ளினாலே போய்வரும். உருளை இருந்தாலும் சட்டத்தின் பக்கங்களில் மாதம் ஒருமுறை மெழுகுவத்தியைத் தேய்த்துவிடுங்கள். நெட்டுக்குத்தாக ஒரு பலகையைத் திருகுக்கு ஒரு பக்கமாகப் பிடிக்கும்போது, மறுபக்கத்தில் அதே கனமுள்ள ஒரு துண்டைச் செருகிய பிறகே முறுக்க வேண்டும். 12, 18, 25 மி.மீ. கனத்தில் அப்படிப்பட்ட துண்டுகள் மூன்றை நறுக்கி, ஆணியில் கோத்து வைஸுக்குப் பக்கத்திலேயே மாட்டி வையுங்கள்.